ரயில் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: இடத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் நின்று ரசிப்பது வரை

உலகம் முழுக்க ரயில் ரசிகர்கள் தேடிப் போகும் இடங்களைக் கொஞ்சம் அடுக்கிப் பாருங்கள். பென்சில்வேனியாவின் ஹார்ஸ்ஷூ வளைவு, கலிபோர்னியாவின் தெஹாச்சப்பி லூப், சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம், இலங்கையின் ஒன்பது வளைவுப் பாலம், பாம்பன் பாலம். நேராகப் போகவிடாமல் நிலம் வழிமறித்த இடங்கள் இவை. மலையோ பள்ளத்தாக்கோ கடலோ குறுக்கே வந்தது. பாதை போட்டவர்கள் அதைத் தாண்ட ஏதோ ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. அந்த வழியைத்தான் நாம் இன்று வேடிக்கை பார்க்கிறோம்.

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே பாதை ஏன் இப்படிப் போகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எங்கே நிற்பது, எப்போது போவது, எந்தப் பக்கமிருந்து வரும் வண்டிக்குக் காத்திருப்பது என்பதில் பாதி தானாகவே தெளிந்துவிடும். மீதியைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஏற்றத்தைக் கணக்குப் போடுங்கள்

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான டன் சரக்கை ஒன்றிரண்டு என்ஜின்கள் இழுத்துப் போக முடிவது அதனால்தான். ஆனால் ஏற்றம் வந்ததும் அதே குறைந்த உராய்வு எதிரியாகிவிடுகிறது. சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். அதனால் கனமான வண்டிகள் ஓடும் முக்கியப் பாதைகளில் ஏற்றம் 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கத்தான் என்ஜினியர்கள் பாடுபட்டார்கள். 2 சதவீதம் என்றால் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 20 மீட்டர் உயர்வு. மலை அவ்வளவு பொறுமையாக ஏறாது. அப்படியானால் ஒரே வழி, பாதையின் நீளத்தைக் கூட்டுவது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து வளைந்து வெளியே வரலாம், தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றி மேலே ஏறலாம், மலையின் வயிற்றுக்குள் சுருள் குகை வெட்டலாம், டார்ஜிலிங் ரயில் செய்வதுபோல முன்னும் பின்னுமாக இசட் வடிவில் ஏறலாம். இது எதுவும் முடியாதபோது தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, என்ஜினில் பல்சக்கரம் வைத்து ஏற்றினார்கள். நீலகிரி மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை அப்படித்தான் போகிறது. அங்கே ஏற்றம் 12-க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்கும் மேல்.

தெஹாச்சப்பி லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1876-ல் முடிந்த வேலை. சுற்றின் நீளம் சுமார் 1,150 மீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 2 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 23 மீட்டர். சுற்றுக்குள் நுழையும் பாதைக்கும் அதற்கு மேலே கடந்து போகும் பாதைக்கும் உள்ள உயர வித்தியாசம் அதுவேதான். கீழ்ப்பாதை ஒரு சின்னக் குகைக்குள் புகுகிறது, மேல்பாதை அந்தக் குகையின் தலைமேல் போகிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கும் முறையே மாறிவிடும். சுற்றின் நீளத்தைவிட நீளமான சரக்கு ரயில் வந்தால் அதன் என்ஜின் மேலே போகும்போது அதே வண்டியின் வால் கீழே குகைக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அப்படியானால் நாம் காத்திருக்க வேண்டியது நீளமான கூட்ஸ் வண்டிக்கு. நிற்க வேண்டியது, சுற்று முழுவதும் கண்ணில் படும் எதிர்ப்பக்க மேட்டில்.

2. வரைபடத்தில் நிற்கும் இடத்தைத் தேடுங்கள்

வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. இதில் செலவழிக்கும் நேரம் எதுவும் வீண் போகாது. ஓப்பன்ரயில்வேமேப் என்ற இலவச வரைபடத்தில் உலகின் பெரும்பாலான ரயில் பாதைகள் இருக்கின்றன. எது முக்கியப் பாதை, எது கிளைப் பாதை, எங்கே மின்கம்பி போட்டிருக்கிறது, பல இடங்களில் அனுமதிக்கப்பட்ட வேகம் எவ்வளவு என்பதுவரை பார்க்கலாம். அப்புறம் அதே இடத்தின் உயரக்கோடுகள் கொண்ட வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உயரக்கோடுகள் நெருக்கமாக இருக்கும் சரிவில் பாதை நெளிந்து நெளிந்து போகிறது என்றால் அங்கே பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது. ஆற்றைப் பாதை குறுக்காக வெட்டும் இடத்தில் பாலம். வளைவே இல்லாத சமவெளியில் இரண்டு முக்கியப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டினால் அங்கே வண்டிகளுக்குப் பஞ்சமே இருக்காது.

இடம் கிடைத்ததும் அதைச் சுற்றிப் பொது இடங்களைத் தேடுங்கள். சாலை, பூங்கா, நடைமேம்பாலம், மலையேற்றப் பாதை, நிலையத்தின் பிளாட்பாரம் எதுவானாலும் சரி. ரயில்வே நிலத்தில் கால் வைக்காமல் பார்க்கக்கூடிய இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் மரங்களையும் கவனியுங்கள். வரைபடத்தில் அருமையாகத் தெரியும் மேடு, நேரில் போனால் காட்டுக்குள் புதைந்திருக்கும்.

வளைவாக இருந்தால் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று முடிவு செய்ய வேண்டும். உள்பக்கம் நின்றால் முழு வண்டியும் உங்களைச் சுற்றிக்கொண்டு போகும், என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒரே பார்வையில் கிடைக்கும். வெளிப்பக்கம் நின்றால் என்ஜினின் முகம் நன்றாகத் தெரியும், பின்னால் வரும் பெட்டிகள் மறைந்துபோகும். பார்த்து ரசிக்க வேண்டும் என்றால் என் ஓட்டு எப்போதும் உள்பக்கத்துக்குத்தான். பாலமாக இருந்தால் பாலத்தின் மேல் போகும் ஆசையே வேண்டாம். பாலத்தின் அழகு அதன் கால்களில் இருக்கிறது, மேலே நின்றால் அது தெரியாது. பள்ளத்தாக்கின் பக்கவாட்டில், தண்டவாள மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயோ மேலேயோ நிற்பதுதான் சரி.

3. வெயில் எந்தப் பக்கம்?

கண்ணால் பார்ப்பதற்கே வெளிச்சம் முக்கியம், கேமராவோடு போகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வெப்பமண்டலத்துக்கு வடக்கே உள்ள நாடுகளில் சூரியன் தெற்கு வானத்தில்தான் நகரும். கிழக்கு மேற்காக ஓடும் பாதைக்குத் தெற்கே நின்றால் பெரும்பாலான நேரம் வண்டியின் பக்கவாட்டில் வெயில் விழும். வடக்கே நின்றால் கறுத்த நிழல்தான் மிஞ்சும். தென்கோளத்தில் இது தலைகீழ். நிலநடுக்கோட்டுக்கு அருகே நடுப்பகல் வெயில் உச்சந்தலையில் நிற்கும். வண்டியின் கூரை மட்டும் பளபளக்கும், சக்கரங்களும் பெட்டிகளின் பக்கவாட்டும் இருண்டு கிடக்கும். அங்கே காலையும் மாலையும்தான் போக வேண்டும்.

இதோடு வண்டியின் திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் கிழக்கு நோக்கி வரும் வண்டியின் முகத்தில் வெளிச்சம், மாலையில் மேற்கு நோக்கி வரும் வண்டியின் முகத்தில். ஆழமான மலைப் பள்ளத்தாக்குகளில் இதையும் நம்ப முடியாது. சூரியன் உதித்து வெகுநேரம் ஆன பிறகுதான் வெயில் அடிவாரத்தைத் தொடும், மாலையிலும் சீக்கிரமே விலகிவிடும். சன்கால்க் மாதிரியான இணையதளத்தில் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் சூரியன் எந்தக் கோணத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

4. வண்டி எப்போது வரும்?

பயணிகள் வண்டிக்குக் கால அட்டவணை இருக்கிறது, பல நாடுகளில் நேரலையாக இருப்பிடம் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் அட்டவணை சொல்வது நிலையத்து நேரம். நீங்கள் நிற்கும் வளைவு இரண்டு நிலையங்களுக்கு நடுவில் எங்கோ இருக்கும். தூரத்தையும் வேகத்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, அதற்கு கால் மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள்.

சரக்கு ரயிலுக்கு நமக்குத் தெரியும்படி அட்டவணை எதுவும் கிடையாது. அங்கே சிக்னல்தான் வழிகாட்டி. ஒரு திசைக்கான சிக்னல் சிவப்பிலிருந்து மாறினால் அந்தப் பக்கம் வண்டி போகப்போகிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் பல பாதைகளில் சிக்னல் விளக்குகள் வண்டி நெருங்கும்போது மட்டுமே எரியும். இருட்டாகக் கிடந்த கம்பத்தில் திடீரென்று வெளிச்சம் வந்தால் கேமராவைக் கையில் எடுக்கலாம். அங்கே தண்டவாளம் ஓரமாகப் பொருத்தியிருக்கும் கருவிகள், கடந்து போகும் வண்டியில் சூடேறிய அச்சு ஏதாவது இருக்கிறதா என்று சோதித்து, அச்சுகளின் எண்ணிக்கையோடு ரேடியோவில் குரலாகவே அறிவிக்கும். ரசிகர்கள் கையடக்க ஸ்கேனரில் இதைக் கேட்டுத்தான் அடுத்த வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் ரயில்வே ரேடியோவைக் கேட்பது எல்லா நாட்டிலும் அனுமதிக்கப்பட்டது இல்லை. போகும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒற்றைப் பாதையாக இருந்தால் இன்னொரு விஷயம். எதிரெதிர் வண்டிகள் ஏதோ ஒரு கிராசிங் நிலையத்தில்தான் ஒன்றையொன்று தாண்ட முடியும். ஒரு வண்டி அங்கே ஒதுங்கி நின்றால் இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது. அது போனதும் நின்ற வண்டி கிளம்பும். அரை மணி நேரத்தில் இரண்டு வண்டிகள் கிடைத்துவிடும்.

5. பாதுகாப்பு

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. 500 மீட்டர் தள்ளி வளைவில் தென்படும் வண்டி 18 நொடியில் உங்கள் பக்கத்தில் இருக்கும். லோகோ பைலட் உங்களைப் பார்த்த கணமே அவசர பிரேக் போட்டாலும் கனமான சரக்கு ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம். சத்தத்தை நம்ப முடியாது. இறக்கத்தில் உருண்டு வரும் வண்டி என்ஜின் சத்தமே இல்லாமல் வரும், எதிர்க்காற்று அடித்தால் இருக்கும் சத்தமும் கேட்காது. மின்சார ரயில் இன்னும் அமைதி.

பெட்டிகள் தண்டவாளத்தின் அகலத்தோடு நிற்பதில்லை, இரண்டு பக்கமும் வெளியே நீண்டிருக்கும். சரக்குப் பெட்டியில் அவிழ்ந்த கயிறோ பட்டையோ தொங்கிக்கொண்டு வரலாம். இரட்டைப் பாதையில் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கியவர்களை மற்றப் பாதையில் வந்த வண்டி அடித்திருக்கிறது. முதல் வண்டி தன் சத்தத்தாலும் உடலாலும் இரண்டாவதை மறைத்துவிடும். மின்கம்பியில் ஓடுவது பல பாதைகளில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே பாயும். நடைமேம்பாலத்திலோ பிளாட்பாரத்திலோ செல்ஃபி குச்சியையோ உலோகக் கம்பத்தையோ உயர்த்திப் பிடிக்காதீர்கள்.

ஓட்டுநரின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. டிரோன் பறக்கவிடுவதானால் அந்த நாட்டின் விதியைப் படியுங்கள். ரயில் பாதை மேல் பறக்கவிடப் பல இடங்களில் தடை இருக்கிறது. குழந்தைகளோடு போனால் ஒரு பெரியவர் ரயிலைப் பார்க்காமல் குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

6. வந்த பிறகு எதைக் கவனிப்பது?

வண்டி வந்ததும் பலர் திரை வழியாகவே பார்த்து முடித்துவிடுகிறார்கள். முதல் வண்டியைக் கேமரா இல்லாமல் பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. மலைப்பாதையில் காதுக்குக் கிடைப்பது கண்ணுக்குக் கிடைப்பதைவிடக் குறைவில்லை. ஏறும் வண்டியில் டீசல் என்ஜின் முழு மூச்சில் உறுமும், வேகம் மட்டும் ஆள் ஓடும் அளவுக்குத்தான் இருக்கும். இறங்கும் வண்டியில் வேறு சத்தம். மோட்டார்களையே மின்னாக்கிகளாக மாற்றி வேகத்தைக் குறைக்கும் டைனமிக் பிரேக்கின் ஊளை அது. மோட்டார் உண்டாக்கும் மின்சாரம் கூரையில் இருக்கும் மின்தடைக் கம்பிகளில் வெப்பமாக வெளியேறும், அதைக் குளிர்விக்கும் விசிறிகள்தான் அப்படிக் கத்துகின்றன. கூர்மையான வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசும் கிறீச்சொலி தனி. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு பிரேக் கட்டையின் தீய்ந்த வாசனையும் வரும்.

என்ஜின் போனதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். மலைப்பாதையில் பின்னாலிருந்து தள்ளும் துணை என்ஜின்கள் இருக்கும். இழுக்கும் என்ஜின்கள் மட்டும் இருந்தால் முன்பக்கக் கொக்கிகள் மொத்த எடையையும் தாங்க முடியாமல் அறுந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் நடுவிலும் பின்னாலும் என்ஜின் வைக்கிறார்கள். வளைவின் உள்பக்கம் நின்றால் முன்னால் இழுக்கும் கொக்கிகள் விறைத்து நிற்பதையும், பின்னால் தள்ளும் இடத்தில் பெட்டிகள் நெருங்கி வருவதையும் பார்க்கலாம்.

7. சில இடங்களும் அங்கே நிற்கும் முறையும்

ஹார்ஸ்ஷூ வளைவில் தொடங்குகிறேன், இதைப்போல ரசிகனுக்கென்றே அமைந்த இடம் குறைவு. அலெகெனி மலைத்தொடரைக் கடக்க இந்த வளைவுக்கு முன் இருந்த ஏற்பாட்டில், சரிவுத்தளங்களில் பெட்டிகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். என்ஜினியர் ஜே. எட்கர் தாம்சன் பள்ளத்தாக்கின் மேல்முனையைச் சுற்றிப் பாதையை லாட வடிவில் வளைத்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார். 1854-ல் திறந்த அந்தப் பாதையில் இன்றும் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன. 1942-ல் அமெரிக்காவுக்குள் ஊடுருவிய ஜெர்மானிய நாசகாரர்களின் இலக்குப் பட்டியலில் இந்த வளைவும் இருந்தது. அவ்வளவு முக்கியமான பாதை. வளைவின் உள்பக்கம் வேலி போட்ட பூங்கா இருக்கிறது, படியேறியோ சரிவு ரயிலிலோ மேலே போகலாம். ஏறும் வண்டி ஆல்டூனா பக்கமிருந்து வரும். அது பள்ளத்தாக்கின் ஒரு கரையில் தென்பட்டு, உங்களைச் சுற்றிவந்து, எதிர்க்கரையில் மறையும்வரை முழுதும் பார்வையில் இருக்கும். பூங்கா திறக்கும் காலத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தெஹாச்சப்பியில் தண்டவாளம் யூனியன் பசிபிக் என்ற ரயில்வே நிறுவனத்தினுடையது, பிஎன்எஸ்எஃப் என்ற இன்னொரு நிறுவனத்தின் வண்டிகளும் அதில் ஓடும். வழக்கமான பயணிகள் சேவை இல்லை. ஒற்றைப் பாதையாக இருந்தும் நாள் முழுக்க வண்டிகள் போய்வருவதால் காத்திருப்பு வீணாவது அபூர்வம்.

கனடாவின் யோஹோ தேசியப் பூங்காவில் சுருள் குகைகள் இருக்கின்றன. 1884-ல் போட்ட பாதை அங்கே 4.5 சதவீதச் சரிவில் இறங்கியது. கட்டுப்பாடிழந்து வரும் வண்டிகளைத் திருப்பிவிடத் தனிக் கிளைப் பாதைகளே அமைக்க வேண்டியிருந்தது. 1909-ல் இரண்டு மலைகளுக்குள் சுருள் குகைகள் வெட்டிச் சரிவை 2.2 சதவீதமாகக் குறைத்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் பார்வைமேடையிலிருந்து கீழ்க்குகையின் இரண்டு வாய்களையும் பார்க்கலாம். நீளமான வண்டி வந்தால் ஒரு வாயில் நுழைந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு வாயிலிருந்து என்ஜின் வெளியே வரும். அட்டவணை இல்லாததால் இங்கே பொறுமை வேண்டும்.

லாண்ட்வாசர் பாலம் அழகில் எல்லாவற்றுக்கும் மேலே என்பது என் கணிப்பு. 1902-ல் முடிந்தது. 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், ஆறு வளைவுகள். 100 மீட்டர் ஆரத்தில் வளைந்து போய்ச் செங்குத்தான பாறைச் சுவருக்குள் குகையாக நுழைந்துவிடுகிறது. ஆழமான பள்ளத்தாக்கில் தூண்களைச் சாரம் கட்டாமலே எழுப்பினார்கள். பாறைக்குள்ளிருந்து சிவப்பு வண்டி வெளியே வரும் காட்சி வேண்டுமானால் ஃபிலிசூர் பக்கமிருந்து வருவதற்குக் காத்திருங்கள். எதிர்த்திசை வண்டி பாலத்தைக் கடந்து பாறைக்குள் போய்விடும். ஃபிலிசூர் நிலையத்திலிருந்து நடைபாதை இருக்கிறது. 2022 அக்டோபர் 29-ல் 100 பெட்டிகள் கொண்ட, 1.9 கிலோமீட்டர் நீளமான பயணிகள் ரயிலை, இந்தப் பாதையை நடத்தும் ரேட்டிய ரயில்வே நிறுவனம் இங்கேயே ஓட்டி உலகச் சாதனை படைத்தது.

ஸ்காட்லாந்தில் இரண்டு. க்ளென்ஃபினன் பாலம் 21 வளைவுகள் கொண்ட கான்கிரீட் பாலம். கோடைக்கால நீராவி ரயில் வரும் நேரத்தில் கூட்டம் அதிகம், சீக்கிரம் போய்விடுங்கள். 1890-ல் திறந்த ஃபோர்த் பாலத்தை இரு கரை ஊர்களிலிருந்தும் பார்க்கலாம். அந்த எஃகுக் கைகளின் பிரம்மாண்டம் பாலத்தில் ஒரு சிறிய வண்டி போகும்போதுதான் பிடிபடும்.

இலங்கையில் எல்ல, தெமோதர இரண்டுக்கும் நடுவே 24 மீட்டர் உயர ஒன்பது வளைவுப் பாலம். சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து பாருங்கள், தண்டவாளத்தில் நடக்கிறவர்களோடு சேராதீர்கள். பக்கத்திலேயே தெமோதர லூப் இருக்கிறது. அங்கே பாதை சுற்றிவந்து தெமோதர நிலையத்துக்கு அடியிலேயே குகை வழியாகப் போகிறது. பாலத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்களே அதிகம், எனக்கு அதில் வருத்தம்தான்.

பாம்பனில் தடையாக இருந்தது கடல், அதிலும் கப்பல்களுக்கு வழிவிட வேண்டிய கடல். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே சாயும்படி இருந்தது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே கிடைமட்டமாக மேலே எழும். பக்கத்துச் சாலைப் பாலம் உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து முழு நீளமும் தெரியும். காற்று பலமாக இருக்கும், கையிலிருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலையேற முடியாதவர்கள், எண்ணிக்கையில் நிறைய வண்டி பார்க்க விரும்புகிறவர்கள் வேறு வகை இடங்களுக்குப் போகலாம். இல்லினாய் மாநிலத்தின் ரோஷெல் ஊரில் யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப் இரண்டின் முக்கியப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன, அதன் ஓரத்திலேயே ரசிகர்களுக்கான பூங்கா. ஜார்ஜியாவின் ஃபோக்ஸ்டனில் கூரை போட்ட மேடையும் ரயில்வே ரேடியோ கேட்கும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறார்கள். நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டில் கோபுரத்தில் ஏறினால் உலகின் மிகப் பெரிய சரக்குப் பிரிப்பு யார்டு கண்முன் விரியும். மேட்டின் உச்சியில் கழற்றிவிடும் பெட்டிகள் தாமாக உருண்டு தங்கள் வரிசைக்குப் போய்ச் சேர்வதைப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு டோக்கியோவின் நிப்போரி நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஷிமோகோயின்டென் பாலம்தான் என் முதல் தேர்வு. ஷிங்கன்சென்னும் உள்ளூர் ரயில்களும் காலடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது சில நிமிடங்கள்கூட ஆகாது.